தீவாளிக்குப் பூசுற சுவர்

தீவாளிக்கு ரெண்டு மூணு கிழமை இருக்கும்போது நம்ம லயங்களில் ஒரு வேலை தொடங்கும். தோட்டத்தில் தீவாளி அட்வான்ஸ் கைக்கு வரும். புள்ளைகளுக்கு உடுப்பு, பலகாரச் சாமான் எல்லாம் போக, மிச்சத்தில் ஒரு மூட்டை சீமெந்து, ஒரு வாளி பெயின்ட். இஸ்தோப்புச் சுவரில் பெயர்ந்து கிடக்கிற இடத்தை ஒரு மேசன் பாஸ் வந்து அரை நாளில் பூசிட்டுப் போவார். அதுக்கு மேலே நீலமோ இளம்பச்சையோ அடிப்போம். வீடு புதுசு மாதிரி இருக்கும்.

மார்கழி மழையில் கீழ்ப்பக்கம் ஈரம் ஏறும். தைப்பொங்கலுக்கு வெள்ளையா உப்புப் பூக்கும். சித்திரை வருசத்துக்குள்ள பெயின்ட் செதில் செதிலா உரியும். அடுத்த தீவாளிக்கு முன்னாலேயே பூச்சு விழுந்திருக்கும். திரும்பவும் அட்வான்ஸ், திரும்பவும் சீமெந்து.

எங்க காம்பராவிலும் எனக்கு விவரம் தெரிஞ்ச நாள் முதல் இதேதான். ஏன் ஒவ்வொரு வருசமும் அதே இடம் விழுகிறது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போன பிறகுதான் சுவரைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்தேன். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் நம்ம பதுளையும் ஒன்று. அதுக்குப் பிறகு எங்க பக்கம் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு: "எங்க வீட்டுச் சுவத்துல ஒரு வெடிப்பு இருக்கு. பூசிரலாமா?"

இந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதப் பார்க்கிறேன். சுருக்கமா சொன்னால், எந்த வெடிப்பு என்று தெரியாமல் பூசாதீங்க. சிலதை நாமே பூசலாம். சிலதைத் தோட்டத்தைச் செய்ய வைக்கணும். சிலதைப் பூசவே கூடாது.

லயத்தை ஒழிக்கச் சொல்லிட்டு அதைப் பூசுவதா?

இதைப் பேசும்போதே ஒரு நண்பன் கோபப்பட்டான். "லயத்தையே ஒழிக்கணும்னு நாம கத்திக்கிட்டு இருக்கோம். நீ அதுக்குச் சாந்து பூசச் சொல்றியே மச்சான். பூசினா இதுலயே கிடக்குறதுக்குச் சம்மதம்னு ஆயிராதா?"

கோபம் நியாயமானதுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா வெள்ளைக்காரன் காலத்தில் ஆளுகளை அடைத்துவைக்கக் கட்டினது, வாழ்வதற்குக் கட்டினதில்லை. தனி வீடு, 7 பேர்ச் காணி, கையில் உறுதி. இந்தக் கோரிக்கையில் ஒரு அங்குலமும் பின்வாங்கத் தேவையில்லை.

ஆனால் கணக்கையும் பார்க்கணும். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் கிடைத்தது 4,000 வீடு. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த மோடி இன்னும் 10,000 என்று அறிவித்தார். அந்த அறிவிப்புக்கும் கட்டுமானத்துக்கும் நடுவில் வருசக் கணக்காகப் போய்விட்டது. உங்க வீட்டுப் பேர் பட்டியலில் வர இன்னும் எத்தனை தீவாளி ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் அம்மாவும் தங்கச்சியும் இந்தச் சுவருக்குக் கீழேதான் தூங்குறாங்க. அது தலையில் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படிச் சம்மதம் ஆகும்?

சுவர் யாருடையது?

1972 லும் 1975 லும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 இல் கம்பெனிகளின் கைக்குப் போயின. காணி அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது. நாலு தலைமுறையா உள்ளே இருக்கிறவங்க கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஒரு சன்னல் வைக்கணும்னாலும் தொரைகிட்ட கேட்கணும். சுவர் விழுந்தால் செலவு மட்டும் நம்முடையது.

பிரதேச சபையும் நம்ம பக்கம் வரவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு தோட்டங்களுக்குள் சபை வேலை செய்வதற்குத் தடையாக இருந்தது. 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். சட்டம் மாறினதே நம்மில் பல பேருக்குத் தெரியாது. "அது தோட்டத்து வேலை" என்று சபையில் சொன்னால் இன்னமும் தலையாட்டிட்டு வந்துவிடுகிறோம்.

இதோட விளைவு என்னவென்றால், ஒவ்வொரு வீடும் தன் பக்கத்தை மட்டும் தானே ஒட்டுப் போட்டுக்கொள்கிறது. ஆனா லயம் என்பது ஒரே கட்டடம். நடுச்சுவர் ரெண்டு வீட்டுக்கும் பொது, கூரை எல்லாருக்கும் பொது, பின்னால் ஓடுகிற கான் முழு லயத்துக்கும் பொது. மூணாவது காம்பராக்காரர் தனியா ஒரு மூட்டை சீமெந்து போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு மேசன்.

கானைப் பாரு

முதலில் எங்க வீட்டு முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். புயலுக்கு ரெண்டு வருசத்துக்கு முந்தி டவுனிலிருந்து ஒரு கொந்தராத்துக்காரரைக் கூட்டிவந்தோம். முக்கால்வாசிப் பணத்தை முதலிலேயே வாங்கினார். பழைய சுண்ணாம்புப் பூச்சுக்கு மேலேயே தடிமனா சீமெந்தை அப்பினார். கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தது. அடுத்த மழையில் ஒரு பாய் அகலத்துக்குப் பூச்சு அப்படியே கழன்று, உள்ளே இருந்த மண்ணையும் இழுத்துக்கொண்டு கட்டில்மேலே விழுந்தது. நல்ல வேளை, தங்கச்சி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கொந்தராத்துக்காரருக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை.

எங்க மேல் லயத்தில் ஒரு மாமா இருக்கிறார். இருபது வருசமா கொழும்பில் மேசன் வேலை. புயலுக்குப் பிறகு ஊருக்கு வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் கரண்டியை எடுக்கவே இல்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் கெட்டிச் சத்தம், சில இடத்தில் காலித் தகரம் மாதிரி. வெற்றுச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் கரியால் வட்டம் போட்டார். அப்புறம் லயத்துக்குப் பின்னால் போனார்.

"தம்பி, கானைப் பாரு. மண்ணு மூடிப் போய், தண்ணி சுவத்துக்கு அடியிலதான் நிக்குது. நீ முன்னாடி எத்தன மூட்ட பூசினாலும் அது பின்னாடி இருந்து தள்ளிவிட்ரும்."

"அப்ப சீமெந்து ஏன் மாமா அப்படியே கழண்டு வந்துச்சு?"

"இது கல்லையும் மண்ணையும் வச்சுக் கட்டினது. மேல சுண்ணாம்பு. அது ஈரத்தக் குடிக்கும், காஞ்சா வெளிய விட்ரும். நீங்க சீமெந்த அப்பி அதுக்கு மூச்சு விட வழியில்லாம பண்ணிட்டீங்க."

இதுதான் முழுப் பாடமும். பழைய கல்மண் சுவருக்கு மேலே கெட்டிச் சீமெந்து போட்டால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். உள்ளே மண் இளகும். வெளியே பூச்சு உப்பும். இப்படியான சுவருக்கு மாமா சொன்ன கலவை: சீமெந்து ஒரு பங்கு, சுண்ணாம்பு ரெண்டு பங்கு, மணல் ஒன்பது பங்கு. வெற்றுச் சத்தம் வருகிற பூச்சை முழுசாகத் தட்டி எடுக்கணும். தூசியைத் தும்புத் தூரிகையால் தட்டிவிட்டுத் தண்ணீர் தெளிக்கணும். அரை அங்குலத்துக்கு மேலே ஒரே தடவையில் போடக் கூடாது. முதல் பூச்சு இறுகினதும் அதைக் கீறிவிட்டு ரெண்டாவதைப் போடணும். பிறகு ஒரு கிழமைக்கு ஈரம் காயாமல் பார்த்துக்கணும்.

யூடியூபில் சுவர் ஓட்டை அடைக்கிற வீடியோ பார்த்துவிட்டு வருகிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. அதில் பெரும்பாலும் காட்டுவது அமெரிக்கா மாதிரி நாடுகளில் பலகைச் சட்டத்தில் அடிக்கிற ஜிப்சம் பலகை. அதில் ஒரு துண்டு வெட்டி ஒட்டி, மேலே பசை தடவினால் வேலை முடிந்தது. நம்ம சுவரில் அது நிற்காது. காம்பராவைத் தடுக்கிறதுக்கு ஜிப்சம் பலகை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் அதேதான். நம்ம ஊர் ஈரத்தில் அது பூஞ்சணம் பிடித்து ஊறிப்போகும்.

அந்த மாதமே ரெண்டு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆளுக எல்லாரும் சேர்ந்து கானைத் தோண்டினோம். பன்னிரண்டு வீடு. ஆளுக்கு ஒரு மம்பட்டி, நடுவில் ஒரு தடவை பிளேன்டீ. அதுக்குச் சீமெந்து ஒரு கரண்டிகூடத் தேவைப்படவில்லை. அடுத்த மழையில் எங்க பின்சுவரில் ஈரம் முழங்காலுக்கு மேலே ஏறவில்லை. முன்னே இடுப்பு வரைக்கும் வரும்.

மூணு வகை வெடிப்பு

மாமா சொன்னதையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு பற்றிச் சொல்கிற அறிகுறிகளையும் சேர்த்து நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்.

முதலாவது, பூச்சு வெடிப்பு. மயிரிழை மாதிரி, வலைப்பின்னல் மாதிரி இருக்கும். தட்டினால் வெற்றுச் சத்தம் வரலாம். உள்ளே சுவர் நல்லா இருக்கும். இது நம்ம வேலை. நல்ல மேசன் ஒருவரை வைத்துச் செய்துவிடலாம்.

ரெண்டாவது, சுவர் வெடிப்பு. கதவு, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும். ஒரு ரூபாய்க் குத்தி நுழைகிற அகலம் இருக்கும். உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரியும். இது அத்திவாரம் இறங்குகிறது அல்லது சுவர் சாய்கிறது என்பதன் அடையாளம். சாந்து பூசி இது தீராது. இது காணியையும் கட்டடத்தையும் வைத்திருக்கிறவர்களின் பொறுப்பு. தோட்டத்து ஆபிசுக்கும், நம்ம ஆளுக "ட்ரஸ்ட்" என்று சொல்கிற பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டியது.

மூணாவது, மண் வெடிப்பு. சுவரில் வெடிப்பு இருக்கும், ஆனால் அதோட நிற்காது. முற்றத்து மண்ணிலும் பிளவு தெரியும். நேற்று வரைக்கும் சரியா மூடின கதவு இன்றைக்கு இறுகும். மரமோ போஸ்ட்டோ சாயும். புதுசா ஒரு இடத்தில் ஊற்றுக் கிளம்பும், அல்லது இருந்த ஊற்று கலங்கலா வரும், திடீர்னு நின்றுபோகும். இதைப் பூசவே பூசாதீங்க. வீட்டை விட்டு வெளியே வந்து, கிராம சேவகருக்கும் 117 என்ற அனர்த்த முகாமைத்துவ இலக்கத்துக்கும் சொல்லுங்க.

எது எதுவென்று சந்தேகம் வந்தால் ஒரு பென்சில் போதும். வெடிப்பு முடிகிற ரெண்டு நுனியிலும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்க. நடுவில் வெடிப்பின் அகலத்தையும் அளந்து எழுதுங்க. போனில் ஒரு படம். ரெண்டு கிழமைக்கு ஒரு தடவை திரும்பப் பாருங்க. கோட்டைத் தாண்டி வளர்ந்தால் அது பூச்சு வெடிப்பு இல்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நாம் தீவாளிக்குப் பூசுகிற பூச்சு ரெண்டாவதையும் மூணாவதையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. ஆபத்து கூடுகிறதா என்று பார்க்கிறதுக்கு நமக்கு இருந்த ஒரே அளவுகோல் அந்த வெடிப்பு. நாளைக்கு "எங்க வீடு இருக்கத் தகுதியில்லை" என்று வாதாட நம்ம கையில் இருந்த ஆதாரமும் அதுதான். நம்ம காசைக் கொடுத்தே அதை அழிக்கிறோம்.

கொஸ்லந்தை மீரியபெத்தையை மறக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலை. அந்த வருசத் தீவாளி முடிந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 லும் 2011 லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போகிறதுக்கு இடம் இல்லை. அதனால் "சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று மட்டும் சொல்லித் தப்பிக்கிறவர்களை நான் ஏற்கவில்லை. ஆனால் எழுத்தும் படமும் தேதியும் இல்லாமல் வாயால் மட்டும் கேட்கிற கோரிக்கை ஆபிஸ் வாசலைத் தாண்டுவதில்லை என்பதும் உண்மை.

எப்போ, யாரை வைத்து?

மாதத்தையும் மாற்றணும். நம்ம ஊவா பக்கத்துக்குப் பெரிய மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்கும். தீவாளி சரியா அந்த வாசலில் நிற்கிறது. சுவர் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அதுக்கு மேலே பூசுகிறோம். பூசுகிறதுக்கு நல்ல காலம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரைக்கும், ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்போன வாசத்தைக் கொடுக்கிற வறண்ட காற்று அடிக்கிற காலம். அதுலயும் ஒரு கவனம் வேணும். அந்தக் காற்றில் பூச்சு வேகமா காய்ந்து வெடிக்கும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுக் காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளிக்கணும்.

அட்வான்ஸ் ஒக்டோபரில்தானே வருகிறது என்பீர்கள். அதனால்தான் லயத்துக்கு ஒரு சீட்டு பிடிக்கலாம் என்று சொல்கிறேன். பன்னிரண்டு வீடு மாசம் ஒரு சின்னத் தொகை போட்டால், ஓகஸ்டில் ஒரு மேசனை ஒரு கிழமைக்கு முழு லயத்துக்கும் வைக்கலாம். 2021 இல் ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்த சீமெந்து மூட்டை 2022 நடுவில் மூவாயிரம் ரூபாய் பக்கம் போனது. பிறகு இறங்கினாலும் பழைய விலைக்கு வரவில்லை. 2024 இல் நிர்ணயித்த தோட்டச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபாயாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் ஒரு மூட்டைக்கு ஒரு நாளுக்கு மேலே அம்மா கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது. அதை மழையில் கரைக்க நமக்கு வசதியில்லை.

ஆளைப் பிடிக்கும்போது நான் பட்டதிலிருந்து சொல்கிறேன். ரெண்டு மழை கண்ட அவருடைய பழைய வேலையை நேரில் போய்ப் பாருங்க. சாமானை நீங்களே ஹாட்வெயார் கடையில் வாங்குங்க, கூலியைத் தனியாகப் பேசுங்க. என்ன வேலை, எத்தனை நாள், நாட்கூலியா கொந்தராத்தா, கையாளுக்கு யார் கொடுக்கிறது என்பதை ஒரு கொப்பித் தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பணத்தை மூணாகப் பிரித்துக் கொடுங்க: தொடங்கும்போது கொஞ்சம், பாதியில் கொஞ்சம், ஒரு கிழமை ஈரம் காட்டி முடிந்த பிறகு மிச்சம். சுவரைத் தட்டிப் பார்க்காமலே விலை சொல்கிறவரை அனுப்பிவிடுங்க.

முடிந்தவரைக்கும் நம்ம ஆளையே வையுங்க. இதை சாதிசனப் பாசத்தில் சொல்லவில்லை. லயத்துச் சுவர் எப்படிக் கட்டினது, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று அதில் வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். வேலை சரியில்லை என்றால் மறுநாள் பீலிக்கரையில் நம்ம முகத்தைப் பார்க்க வேண்டியவனும் அவன்தான். நம்ம பையன்மார் எத்தனை பேர் கொழும்பில் அடுத்தவன் வீட்டுச் சுவரைக் கண்ணாடி மாதிரி பூசுகிறார்கள்! ஊரில் வந்து கேட்டால், "மாமாதானே, சும்மா செஞ்சு குடுங்க" என்கிறோம். பிளேன்டீயும் சோறும் கொடுத்துக் கூலியைக் குறைக்கிறோம். டவுன் ஆளுக்கு மட்டும் முன்பணம். இது நாம் திருத்த வேண்டிய பழக்கம். மாமாவுக்கு நாங்கள் முழுக் கூலி கொடுத்தோம். வாங்கக் கூச்சப்பட்டார். கூச்சப்படுகிற அளவுக்கு அவரைப் பழக்கியது நாம்தான்.

வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாமல் இருக்கிற அண்ணன்மாருக்கு இன்னொன்று. கையில் உள்ள அனுபவத்தை வைத்தே மதிப்பீடு செய்து, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., தருகிற முறை நைட்டா நிறுவனத்தில் இருக்கிறது. திரும்ப முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. அடுத்து வீடமைப்புத் திட்டம் நம்ம தோட்டத்துக்கு வரும்போது, "கட்டுகிற வேலை எங்க மேசன்மாருக்கு" என்று கேட்க அந்தக் காகிதம் உதவும். வீடு வேணும் என்று கேட்கிற நாம், அதைக் கட்டுகிற கூலியும் வேணும் என்று ஏன் கேட்பதில்லை?

படித்த நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. கரண்டி பிடிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, கடிதம் எழுதத் தெரியும். உங்க லயத்தில் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் தட்டிப் பார்த்து, மூணு வகையில் எது என்று குறித்து, படத்தோடும் தேதியோடும் ஒரு கொப்பியில் எழுதுங்க. ரெண்டாவது வகைக்கு லயத்து ஆளுக எல்லாரும் கையெழுத்துப் போட்ட கடிதம் தோட்டத்து ஆபிசுக்கும், ட்ரஸ்டுக்கும், பிரதேச சபைக்கும் போகட்டும். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்துக்கொள்ளுங்க. மூணாவது வகை என்று தெரிந்தால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பிரதேச செயலகத்துக்குப் போங்க.

எங்க லயத்துக் கொப்பியில் இப்போ பன்னிரண்டு வீடும் இருக்கிறது. எட்டு வீட்டில் பூச்சு வெடிப்பு, அதை ஓகஸ்டில் மாமா வந்து செய்கிறார். மூணு வீட்டில் சுவர் வெடிப்பு, கடிதம் போயிருக்கிறது, இன்னும் பதில் இல்லை. கடைசிக் காம்பராவில் ஒரு வெடிப்பை என்னவென்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். அந்த வீட்டுப் பாட்டி, "தீவாளிக்கு அதை மட்டுமாவது பூசிருங்கப்பா, பார்க்க அசிங்கமா இருக்கு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த வருசம் பூச மாட்டோம் பாட்டி என்று சொல்லியிருக்கிறோம்.